பன்னிரண்டில் நிற்கும் வளையம்

பலெர்மோ
3.12.1995

அன்புள்ள கிறிகோரி அண்ணைக்கு,

மடு மாதாவின்ரை காவலிலை நானும் இவரும் இஞ்சை சுகம். அங்கை நீங்களும் அண்ணியும் எப்பிடி? வூப்பெற்றாலிலை இப்ப பனி கொட்டத் தொடங்கியிருக்கும். உங்கடை முழங்கால் குளிருக்கு நோகுதோ? அண்ணியைத் தேங்காயெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்லுங்கோ. அந்த மருந்துக்கடைக் களிம்பை நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ.

மன்னாரிலையிருந்து கடிதமில்லை. போட்டது போய்ச் சேர்ந்ததோ எண்டும் தெரியாது. கோயிலிலை ஆளைக் கண்டா எல்லாரும் முதல் கேக்கிறது அதைத்தான்.

அண்ணை, ஒரு விசயம். உங்கடை கடையிலை வேட்டைத் துவக்குக்கு மேலை பூட்டுற தூரக்கண்ணாடி விக்கிறவை எண்டு ஒருக்கா எழுதினனீங்கள். பவரைக் கூட்டிக் குறைக்க வளையம் வைச்சது. அதிலை, பொழுதுபட்டு வெளிச்சம் மங்கினாப் பிறகும் வடிவாத் தெரியிற கண்ணாடி எது? நல்லா விசாரிச்சு எழுதுங்கோ. எனக்கில்லை, ஒரு ஆளுக்கு. கெதியா வேணும். இதைப் பற்றிப் போனிலை ஒண்டும் கதைக்காதேங்கோ. வீட்டுப் போன் ஹோலிலை இருக்கு, வீட்டுக்காரி சிஞ்ஞோராவுக்குத் தமிழ் விளங்காட்டிலும் எங்கடை பேருகள் விளங்கும்.

இவரும் உங்களைச் சுகம் கேட்டவர்.

உங்கடை தங்கச்சி
செலஸ்ரீனா


வூப்பெற்றால்
14.12.1995

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். முழங்காலும் சுகம். களிம்பும் சுகம். அதை விடு.

உனக்கென்ன விசரே? துவக்குக் கண்ணாடி, மங்கல் வெளிச்சம், ஒரு ஆளுக்கு, போனிலை கதைக்காதேங்கோ. இப்பிடி ஒரு கடிதத்தை வேறை ஆரும் பிரிச்சுப் படிச்சா என்ன நினைப்பினம்? யாழ்ப்பாணம் பறிபோன செய்தியை ரேடியோவிலை கேட்டுக் கேட்டு இஞ்சை ஒருத்தரும் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. இந்த நேரம் பாத்து நீ கண்ணாடி கேக்கிறாய். ஊருக்குச் சாமான் அனுப்பினவன் எண்டு இஞ்சை ஒரு பெடியனைப் பொலிஸ் ரெண்டு நாள் வைச்சிருந்து விட்டது. அவன் அனுப்பினது குடை.

உன்னட்டை ஆர் கேட்டது? சுவாம்பிள்ளை மச்சானை ஆரும் வெருட்டினவங்களோ? மூடி மறைக்காமல் எழுது. நீ சின்னனிலையிருந்தே இப்பிடித்தான், கால் வெட்டினா "செருப்பு ஊத்தையாப் போச்சு" எண்டு வந்து சொல்லுறனி. உண்மை தெரியாமல் ஒரு சொல்லும் சொல்லமாட்டன்.

உங்கள் ரெண்டுபேருக்கும் நத்தார் வாழ்த்து. அண்ணியும் சொல்லச் சொன்னா.

அண்ணன்
கிறிகோரி


பலெர்மோ
27.12.1995

அன்புள்ள அண்ணைக்கு,

பாலன் பிறந்த நாள் நல்லபடி போச்சு. தமிழ்ப் பூசைக்குப் போனம், கேக் வெட்டினம், இவர் பாடகர் குழாமிலை நிண்டு தொண்டை கிழியப் பாடினார். உங்களுக்கும் அண்ணிக்கும் எங்கடை வாழ்த்து.

உங்கடை கடிதத்தைப் படிச்சுச் சிரிச்சனோ அழுதனோ எண்டு எனக்கே தெரியாது. இயக்கமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. கண்ணாடி எங்கடை வீட்டு முதலாளி சிஞ்ஞோருக்கு. சொல்லுறன், கேளுங்கோ.

வியா மக்வேதா றோட்டுக்குப் பின்னாலை, இவையின்ரை வீட்டிலைதான் நாங்கள் குசினி அறையிலை இருக்கிறம் எண்டு தெரியும்தானே. சிஞ்ஞோர் வழக்கறிஞராய் இருந்து ஓய்ந்த மனிசன். சியாகுல்லியிலை அவருக்கு ஒரு மந்தரீன் தோடம்பழத் தோட்டம் இருக்கு. எல்லா இடமும் பழம் முடிஞ்சாப் பிறகுதான் அங்கை பழுக்கும், அதாலை அவருக்கு அதிலை பெரிய பெருமை. இவருக்கு வேலை அங்கைதான். மேலை மலைப் பக்கம் ஆரோ வளர்த்த பண்டியள் பட்டியை உடைச்சுக்கொண்டு ஓடிக் காட்டுப் பண்டியாய்ப் போச்சுதுகள். பொழுதுபட இறங்கி வந்து வேரைக் கிண்டுதுகள், கொப்பை முறிக்குதுகள். சிஞ்ஞோர் மதிலோடை துவக்கும் கையுமாய்க் குந்தியிருப்பார். இவர் கீழ்ப் பக்கத்திலையிருந்து எண்ணெய்த் தகரத்திலை அடிச்சு அடிச்சுப் பண்டியைக் கலைச்சுக்கொண்டு வரவேணும். பொழுதுபட்டாப் பிறகு சுடக்கூடாதெண்டு சட்டமாம். அதை ஆர் கேக்கிறது, அவர்தானே சட்டம் படிச்ச ஆள்.

அண்ணை, அந்த மனிசனுக்குக் கண் தெரியாது. கண்ணிலை புகை படர்ந்திருக்கு. டொக்டரிட்டைப் போங்கோ எண்டா, "என்ரை கண் இளந்தாரிக் கண்" எண்டு கத்துறார். நவம்பரிலை ஒரு நாள் சுட்டது, இவற்றை தலைக்கு மேலை நிண்ட கொப்பு முறிஞ்சு தோளிலை விழுந்தது. சிஞ்ஞோர் ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடிச்சு, "பண்டியெண்டு நினைச்சிட்டன்" எண்டு அழுதவராம். அடுத்த நாள் பின்னேரம் திரும்பவும் கூட்டிக்கொண்டு போட்டார்.

போகாதேங்கோ எண்டு சொல்ல ஏலாது. இஞ்சை இப்ப புதுச் சட்டம் வந்திருக்கு, முதலாளி கையெழுத்து வைச்சு எங்கடை பேரிலை வரி கட்டினாத்தான் பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிற அனுமதி. வசந்தத்தோடை அந்தத் தவணை முடிஞ்சிடும். சிஞ்ஞோரைக் கேட்டா, "முதல் பண்டி, பிறகு பேப்பர்" எண்டுறார். இத்தனை வருசம் பேப்பரில்லாமல் ஒளிச்சுத் திரிஞ்ச எங்களுக்கு இது ஒண்டுதான் வழி.

மிலானோவிலை இருக்கிற அவற்றை மகன்மார் அப்பாவுக்குப் பரிசாத் துவக்குக் கண்ணாடி வாங்கிக் குடுக்கப்போயினம். இஞ்சை கடைக்காரன் ஆறிலையிருந்து இருபத்தினாலுவரை கூட்டலாம் எண்டு ஒண்டைக் காட்டினவன். அந்த இருபத்தினாலைக் கேட்டதிலையிருந்து கிழவருக்கு நித்திரையில்லை. என்ரை அண்ணன் ஜெர்மனியிலை உந்தக் கடையிலைதான் வேலை, அவரைக் கேட்டுப்போட்டு வாங்குவம் எண்டு நான் மறிச்சு வைச்சிருக்கிறன். எனக்கு வேண்டினது ஒண்டுதான். மங்கல் வெளிச்சத்திலை ஆள் எது பண்டி எது எண்டு பிரிச்சுக் காட்டவேணும்.

பயத்திலை எழுதுறன் எண்டு இவருக்குத் தெரியாது.

செலஸ்ரீனா


வூப்பெற்றால்
6.1.1996

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகமெண்டு எழுத இண்டைக்கு மனமில்லை. ரெண்டு தரம் எழுதிக் கிழிச்சிட்டன், அவ்வளவு கோபம். உந்தக் கிழவனைத் திட்டி எழுதினதை அண்ணி வாசிச்சுப்போட்டு, "நத்தார் காலத்திலை இப்பிடியே எழுதுறது" எண்டு எடுத்துப்போட்டா.

மச்சானை உதிலையிருந்து வெளியிலை எடு. முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அதுதான். ஏலாதெண்டு நீ எழுதுவாய் எண்டும் தெரியும். அதாலை மிச்சத்தைச் சொல்லுறன்.

இருபத்தினாலு குப்பை. பெரிய நம்பரைப் பாக்கிறவன் ஏமாறுவான், சின்ன நம்பரைத்தான் பாக்கவேணும். எங்கடை கடை முதலாளி காட்டித் தந்த கணக்கு இது: முன் கண்ணாடியின்ரை அகலத்தைப் பவராலை பிரி. வாறதுதான் உன்ரை கண்ணுக்கை வந்து விழுகிற வெளிச்ச வட்டம். ஐம்பது மில்லிமீற்றர் கண்ணாடியைப் பன்னிரண்டிலை வைச்சா நாலு மில்லிமீற்றர் வரும். மூண்டிலை வைச்சா கண் கொள்ளாத வெளிச்சம். வயசு போன கண்மணி இருட்டிலையும் கனக்க விரியாது, அதாலை ஐம்பதுக்கு மேலை பெரிசு வாங்கியும் பிரயோசனமில்லை. மற்றது, பவர் கூடக் கூடப் பார்க்கிற இடம் சுருங்கும். தோட்டத்துத் தூரத்திலை பன்னிரண்டிலை பாத்தா மனிசன்ரை நெஞ்சளவுதான் உள்ளை அடங்கும், அதுவும் கிட்ட எண்டபடியால் கலங்கித் தெரியும். மூண்டிலை எண்டா தலை, கால், கையிலை இருக்கிற தகரம் எல்லாம் ஒரே பார்வையிலை தெரியும்.

அதாலை மூண்டிலையிருந்து பன்னிரண்டு, ஐம்பது மில்லிமீற்றர். உள்ளை குறி பாக்கிறதுக்கு மூண்டு பக்கமும் தடிச்ச கோடு, நடுவிலை மெல்லிசு. மெல்லிய கோடு இருட்டிலை காணாமல் போகும். வில்லையிலை வெளிச்சம் தெறிக்காத பூச்சு நல்லது. நான் நாலைஞ்சைப் பின்னேரம் கடை வாசலிலை நிண்டு, றோட்டுக்கு அங்காலை மதில் நிழலிலை நிக்கிற ஆக்களைப் பாத்துப் பாத்து ஒண்டைத் தெரிஞ்சு வைச்சிட்டன். பார்சலிலை அனுப்புறன். செம்மஞ்சள் நிறத்திலை ஒரு மேலங்கியும் வருது, மச்சானுக்கு. பண்டிக்கு அந்த நிறம் பிடிபடாது, மனிசனுக்குப் பிடிபடும்.

பயப்பிடாதை. பண்டியெண்டு நினைச்சுத்தானே சுட்டவர். ஆள் எண்டு தெரிஞ்சா ஒருத்தனும் சுடமாட்டான்.

கிறிகோரி


பலெர்மோ
25.1.1996

அன்புள்ள அண்ணைக்கு,

பார்சல் பத்திரமா வந்தது, காசை மகன்மார் உங்களுக்கு அனுப்புவினம். நாங்கள் சுகம். இவருக்கு எப்பன் தடிமன், கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான்.

கிழவரின்ரை சந்தோசத்தைப் பாக்கவேணும்! ஜெர்மன் கண்ணாடி, ஜெர்மன் கண்ணாடி எண்டு வீட்டுக்கு வாற எல்லாருக்கும் காட்டுறார். துவக்குத் திருத்துறவன் வந்து பூட்டி, சுட்டுச் சரிபாத்துப்போட்டுப் போனவன். ஆனா அண்ணை, ஒரு வில்லங்கம். பகலிலை மனிசன் துவக்கைப் பல்கணிக்குக் கொண்டுபோய் வைச்சு, வளையத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பி, துறைமுகத்துக் கப்பலின்ரை பேர் வாசிக்கிறார். பிறகு அப்பிடியே உறையிலை போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போறார். வளையத்து நம்பரை வாசிக்க மூக்குக்கண்ணாடி வேணும், அதை வேட்டைக்குக் கொண்டுபோறது அவருக்கு வெக்கம்.

நான் என்ன செய்யிறன் தெரியுமோ? மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர, படிப்பறையைத் தூசு தட்டுறன் எண்டு போய், உறையைத் திறந்து வளையத்தை மூண்டிலை விட்டிடுவன். ஒவ்வொரு நாளும். இவருக்குக்கூடச் சொல்லேல்லை. "செலஸ்ரீனா வந்தாப் பிறகு துவக்கிலையும் ஒரு தூசில்லை" எண்டு சிஞ்ஞோர் புகழுறார். போன கிழமை ஒரு பெரிய பண்டி விழுந்தது. இவர் அதுக்குப் பக்கத்திலைதான் நிண்டவராம், கிழவர் வடிவாப் பிரிச்சுப் பாத்துத்தான் சுட்டவராம். உங்கடை கைக்கு ஒரு முத்தம் தரவேணும் போலை இருந்தது.

மேலங்கியைத்தான் போட விடுறாரில்லை. தோட்டத்திலை இப்ப களவும் நடக்குது. ராவிலை லொறி கொண்டுவந்து பழத்தை ஆய்ஞ்சுகொண்டு போறாங்கள். செம்மஞ்சள் உடுப்பு றோட்டிலை நிண்டே தெரியுமாம், தன்ரை ஆள் எங்கை நிக்கிறான் எண்டு கள்ளருக்குக் காட்டிக் குடுக்குமாம். தன்ரை பழைய கறுத்தக் கோட்டு ஒண்டைக் குடுத்திருக்கிறார்.

செலஸ்ரீனா


வூப்பெற்றால்
5.2.1996

அன்புத் தங்கச்சிக்கு,

மச்சானுக்குத் தடிமன் விட்டிட்டுதோ? எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, குளிருக்கும் குறைவில்லை.

நீ செய்யிறது கெட்டித்தனம்தான். ஆனா ஒரு நாளைக்குத் தவறினா? பன்னிரண்டிலை, பொழுதுபடுற மம்மல் நேரத்திலை, மரத்துக்குள்ளை நிக்கிற கறுத்தக் கோட்டு அந்தக் கண்ணுக்கு என்னமாத் தெரியும்? கிழவனுக்கு விளங்கப்படுத்து. கப்பல் பாத்து முடிஞ்சா மூண்டுக்குத் திருப்பச் சொல்லு.

மற்றது, மச்சானைச் சும்மா தகரம் அடிக்க விடாதை, சத்தம் போட்டுக்கொண்டு வரச் சொல்லு. தகரச் சத்தம் எங்கையிருந்து வருகுதெண்டு காதுக்குப் பிடிபடாது, மனிசக் குரல் பிடிபடும். பண்டி வந்தா இத்தாலியன் பாசையிலை பண்டியெண்டு கத்தட்டும். அப்ப கிழவனுக்கு ஆள் இந்தப் பக்கம், பண்டி அந்தப் பக்கம் எண்டு விளங்கும்.

கையெழுத்து வைச்சிட்டானோ?

கிறிகோரி


பலெர்மோ
22.2.1996

அன்புள்ள அண்ணைக்கு,

கையெழுத்து வைச்சிட்டார்! நாலு பண்டி விழுந்த சந்தோசம். வரியும் கட்டியாச்சு. இவருக்குக் குவெஸ்தூராவிலை, வெளிநாட்டாக்களின்ரை பேப்பர் பாக்கிற பொலிஸ் கந்தோரிலை, வேலை முடிஞ்சுது, எனக்கு மார்ச் பதினாலாந் திகதி வரச் சொல்லியிருக்கு. அதுவரைக்கும் மூச்சுக் காட்டாமல் இருக்கவேணும். பெர்மெஸ்ஸோ கையிலை வந்தா இவரை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பமாட்டன். மொண்டெல்லோவிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவ ஆள் கேக்கினம், கோடைக்கு.

மூண்டு நம்பரைப் பற்றி விளங்கப்படுத்தப் போய் வாங்கிக் கட்டினன். "பன்னிரண்டு தாறவன் பன்னிரண்டைப் பாவிக்கத்தான் தந்தவன்" எண்டு சொல்லிப்போட்டார். சரியெண்டு தலையாட்டிப்போட்டுத் தூசு தட்டப் போனன்.

சத்தம் போடுற கதையைக் கேட்டாச் சிரிப்பியள். இத்தாலியனிலை காட்டுப் பண்டி "சிங்கியாலே". முதன்முதல் சிஞ்ஞோர் "சிங்கியாலி கூட்டமா வந்து தோட்டத்தை அழிக்குது" எண்டு சொல்லேக்கை, இவர் சிங்களவங்கள் எண்டு நினைச்சு, "இஞ்சையுமோ?" எண்டு முழுசினவராம். அதாலையோ என்னவோ அந்தச் சொல் நாக்கிலை நிக்கிறேல்லை. குசினியிலை வைச்சு, ஒவ்வொரு நாளும் சொல்லுவிக்கிறன். சிங்காலே, சிஞ்சியாலே, சிங்கிலேயா எண்டு எல்லாம் வருது. "பண்டியைப் பண்டி எண்டு சொன்னா அதுக்கு என்ன கோவமே?" எண்டு என்னோடை சண்டை.

களவு கூடிப்போச்சு. போன கிழமை பத்து மரத்தை மொட்டையா ஆய்ஞ்சிட்டாங்கள். சிஞ்ஞோர் சாப்பாட்டு மேசையிலை குத்திக் குத்திக் கதைக்கிறார். அந்தக் கோபத்தைப் பாக்கப் பயமாயிருக்கு.

பதினாலாந் திகதிக்கு எனக்காக ஒரு செபமாலை சொல்லுங்கோ.

செலஸ்ரீனா


வூப்பெற்றால்
20.3.1996

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமோ? பதினாலாந் திகதி என்ன நடந்தது? அண்ணி செபமாலை சொன்னா, நான் பக்கத்திலை இருந்தனான். பெர்மெஸ்ஸோ கிடைச்சுதோ? ரெண்டு வரி போடு.

எனக்கு இப்ப கடையிலை கண்ணாடிப் பெட்டியைத் தூக்கேக்கையெல்லாம் உங்கடை நினைப்புத்தான். மச்சான் சிங்கியாலே சொல்லப் பழகிட்டாரோ?

கிறிகோரி


வூப்பெற்றால்
1.4.1996

செலஸ்ரீனா,

பதில் இல்லை. நேற்று வீட்டு நம்பருக்கு எடுத்தனான். போனிலை கதைக்காதேங்கோ எண்டு நீ எழுதினது நினைவிருக்கு, கேக்கேல்லை. சிஞ்ஞோரா எடுத்தா. உன்ரை பேரைச் சொன்னன். அவ கனநேரம் என்னவோ சொன்னா, எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. அதுக்குள்ளை "சுவாம்பிள்ளை" எண்டு ரெண்டு தரம் வந்தது. பிறகு அழுதா. வைச்சிட்டா.

மச்சானுக்கு என்ன? நான் அனுப்பின கண்ணாடியாலையோ? கடவுளுக்காகச் சொல்லு. உயிர்ப்பு ஞாயிறு கழிஞ்சு ஒரு கிழமைக்குள்ளை உன்ரை கடிதம் வராட்டில் நான் றெயின் ஏறிடுவன்.

கிறிகோரி


பலெர்மோ
2.4.1996

அன்புள்ள அண்ணைக்கு,

இவர் சுகம். இதை முதல் வாசியுங்கோ. இவர் சுகம், ஒரு கீறலுமில்லை, இப்ப எனக்கு முன்னாலை இருந்து வெங்காயம் உரிக்கிறார். நீங்கள் போன் எடுத்தது சிஞ்ஞோரா சொல்லித்தான் தெரியும். பாவம், அந்த மனிசி உங்களிட்டை மன்னிப்புக் கேட்டிருக்கிறா.

எழுதாமல் விட்டது என்ரை பிழைதான். இருந்து எழுதத் தொடங்கினா ஒரு இடத்துக்கு மேலை போகேலாமல் வைச்சிடுவன். இண்டைக்கு முடிச்சே தீருவன்.

பதினாலாந் திகதி விடியமுதலே குவெஸ்தூரா வாசலிலை போய் நிண்டன். எனக்கு முன்னாலை அரைவாசிப் பலெர்மோ. மத்தியானமாச்சு, என்ரை நம்பர் வரேல்லை. இப்ப கிழவர் சாப்பிட்டிருப்பார், இப்ப கண்ணயர்ந்திருப்பார், இப்ப நான் தூசு தட்டப் போயிருக்கவேணும். வரிசையை விட்டா அந்த நாள் போச்சு. பெர்மெஸ்ஸோவோ வளையமோ எண்டு நிண்டு தவிச்சன் அண்ணை. காலையிலை கிழவர் பல்கணியிலை கப்பல் பாத்துக்கொண்டு நிண்டதைக் கண்டிட்டுத்தான் வெளிக்கிட்டனான். கந்தோர் பூட்டுற நேரம்தான் கூப்பிட்டாங்கள். விரல் அடையாளம் வைச்சு, கடுதாசியை வாங்கிக்கொண்டு ஓடி வந்தன். கிழவரும் இவரும் தோட்டத்துக்குப் போயிட்டினம்.

இனி இவர் சொன்னது. மம்மல் நேரம், தகரமும் கையுமா வரேக்கை, குட்டியளோடை ஒரு தாய்ப்பண்டி காலுக்குள்ளாலை வெளிக்கிட்டுதாம். அந்தப் பயத்திலை சிங்கியாலேயும் இல்லை, ஒண்டுமில்லை. தகரத்தையும் போட்டிட்டு, ஊரிலை கத்துற மாதிரி, "பண்டி டோய்! பண்டி டோய்!" எண்டு கத்தினவர்.

அண்ணை, இத்தாலியனிலை "பண்டீத்தோ" எண்டா கொள்ளைக்காரன்.

இவர் நிமிர்ந்து பாக்க, துவக்கின்ரை வாய் பண்டி போன பக்கம் திரும்பேல்லை. தன்ரை குரலுக்குத் திரும்பினதாம். இவர் ஒரு அடி இங்காலை வைக்க அதுவும் இங்காலை வந்ததாம். திரும்பக் கத்தினா அதுக்கே சுடுவார் எண்டு நினைச்சவர். தண்ணி வாய்க்காலுக்குள்ளை விழுந்து குப்புறக் கிடந்தவர். கனநேரத்துக்குப் பிறகு கார் ஹோன் அடிச்சுக் கேட்டுத்தான் எழும்பிப் போனவர். "பண்டீத்தி வந்தாங்கள், கத்தின சத்தம் கேட்டுதோ?" எண்டு சிஞ்ஞோர் கேக்க, "சி, சிஞ்ஞோர்" எண்டு ஓம் போட்டிருக்கிறார். வேறை என்ன சொல்லுறது.

எனக்கு இது ஒண்டும் தெரியாது. மேசையிலை சூப் ஊத்துறன். கிழவர் சிஞ்ஞோராவுக்குக் கதை சொல்லுறார். கள்ளர் வந்தாங்களாம், தாங்களே கொள்ளைக்காரர் எண்டு கத்திக்கொண்டு வந்தாங்களாம். பிறகு என்னைப் பாத்துச் சொன்னார்: "உன்ரை அண்ணன்ரை ஜெர்மன் கண்ணாடி எனக்கு இண்டைக்குத் துரோகம் செய்திட்டுது செலஸ்ரீனா. உள்ளை பாத்தா இலை, இருட்டு, கலங்கல், சுட ஒண்டும் அகப்படேல்லை. இவ்வளவு நாளும் பகல் மாதிரித் தெரிஞ்சது. இண்டைக்கும் அப்பிடித் தெரிஞ்சிருந்தா ஒருத்தனையாவது விழுத்தியிருப்பன்."

நான் குசினிக்குப் போனன். இவர் நனைஞ்ச கோட்டோடை நிலத்திலை இருந்து நடுங்கிக்கொண்டிருந்தார். "கத்தினது நான்தான்" எண்டார்.

ஆள் எண்டு தெரிஞ்சா ஒருத்தனும் சுடமாட்டான் எண்டு எழுதினனீங்கள். உங்களிலை பிழை சொல்லேல்லை, நானும் அதை அப்பிடியே நம்பித்தான் ஒவ்வொரு நாளும் அந்த வளையத்தைத் திருப்பினனான். மன்னாரிலையிருந்து ஓடி வந்த நாங்கள் அண்ணை. எங்கடை சனத்தைச் சுட்டவங்கள் ஆளெண்டு தெரியாமலோ சுட்டவங்கள்? நான் அண்டைக்கு வீட்டிலை நிண்டிருந்தா மூண்டிலை விட்டிருப்பன். வடிவாத் தெரிஞ்சிருக்கும். தலை தெரிஞ்சிருக்கும், தோள் தெரிஞ்சிருக்கும். என்ரை கையாலை இவரைக் குடுத்திருப்பன். இந்த இடத்திலைதான் ஒவ்வொரு நாளும் எழுதேலாமல் பேனையை வைச்சனான்.

நான் திரும்பி மேசையடிக்குப் போனன். கையிலை சட்டி இருந்தது. "சிஞ்ஞோர், அது கள்ளனில்லை, என்ரை மனிசன்" எண்டன். "பண்டீத்தோ எண்டு கத்தினாங்களே" எண்டார். அது எங்கடை பாசையிலை பண்டி எண்டன். திரும்பச் சொல்லச் சொன்னார். "பண்டி டோய்" எண்டு அந்தப் பெரிய மேசைக்கு முன்னாலை நிண்டு, இவர் கத்தின மாதிரியே கத்திக் காட்டினன். சிஞ்ஞோராவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வாயைப் பொத்தினா. கிழவர் சூப்பைத் தள்ளி வைச்சார். மூஞ்சை சாம்பலாப் போச்சு.

அந்த வீட்டிலை நான் குரல் உயர்த்தினதில்லை அண்ணை. அண்டைக்கு உயர்த்தினன். "இனி இவர் வரமாட்டார். வேறை தமிழ் ஆளும் பிடிச்சுத் தரமாட்டன். அந்தக் கண்ணாடியைக் கழட்டித் தாங்கோ" எண்டன். வேலையை விட்டு நிப்பாட்டுவார் எண்டுதான் நினைச்சன். மனிசன் எழும்பிப் போய் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திருப்புளியாலை ஒவ்வொரு திருகாணியாக் கழட்டினார். நான் விளக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். வெறும் துவக்கை எடுத்து ஒருக்கா உயர்த்திப் பாத்தார், குழல் நுனிக் குறி முள்ளே அவருக்குத் தெரியேல்லை. அப்பிடியே கொண்டுபோய் அலமாரியிலை பூட்டிப்போட்டார். இப்ப கண் டொக்டரிட்டை நாள் எடுத்திருக்கிறாராம். போனாப் பாப்பம்.

இவர் மொண்டெல்லோவிலை வேலைக்குப் போகத் தொடங்கிட்டார். நான் இன்னும் இஞ்சைதான். மகன்மாரிட்டைக் கேட்டனான், அவைக்கு அந்தச் சாமான் வேண்டாமாம். இந்தக் கடிதம் அதோடைதான் பார்சலிலை வருது. கடையிலை திருப்பிக் குடுங்கோ, ஆத்திலை எறியுங்கோ, உங்கடை விருப்பம்.

அண்ணிக்கு எங்கடை உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. முழங்காலைப் பாத்துக்கொள்ளுங்கோ. உங்களைத் தெரியும், பயந்து றெயின் ஏற வெளிக்கிடுவியள். வேண்டாம், கோடையிலை ஆறுதலா வாங்கோ.

பெட்டியைத் திறக்கேக்கை பாப்பியள், வளையம் பன்னிரண்டிலை நிக்கும். நான் தொடேல்லை. நீங்களும் தொடாதேங்கோ.

உங்கடை தங்கச்சி
செலஸ்ரீனா